செல்விக்கு ஆகாதவை

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். நமுனுகுலப் பக்கம் மலையே தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ள இன்று ஒன்பது பிள்ளைகள்தான் வந்தன. மூன்றுக்குச் சளி.

வீட்டுக்கு வந்தால் அவர் அடுப்படியில். தன் தங்கச்சி செல்விக்குத் தனிச் சட்டியில் பருப்பு. கல்யாணமாகி ஏழு வருடத்தில் எனக்கு ஒரு வெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை.

செல்விக்கு ஆகாதவை, அவள் கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் உள்ளபடி: இறால், மீன், மாசிக் கருவாடு, முட்டை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, இரண்டு வகை மாத்திரை. நேற்றிலிருந்து குளிக்கிற சவர்க்காரமும். கொழும்பில் வீட்டு வேலையை விட்டு வந்து எட்டு மாதம். மாதத்துக்கு ஒன்று கூடுகிறது.

"பாவம்டி, அவ உடம்பு அப்படி" என்கிறார். என் உடம்பு எப்படி என்று கேட்க ஆளில்லை. பொறாமைதான். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது.

நவ. 5, செவ்வாய்

மழை விட்டது. வாங்க: உப்பு, தேங்காய், தீப்பெட்டி.

அவர் பண்டாரவளை போய் வந்தார். அவளுக்கு இரண்டு ஆப்பிள். எனக்கு எங்கே என்றேன். "நீதான் எல்லாம் சாப்பிடுவியே."

மத்தியானம் அவள் கீரைக்கறியில் மாசி இடித்துப் போட்டேன். ஒரு சிட்டிகை, தூளாக.

சாப்பிட்டாள். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். தடிப்பு இல்லை, சொறி இல்லை. வேஷக்காரி.

தட்டுக் கழுவும்போது சொல்கிறாள்: "அண்ணி, நீங்க ஆக்குனா மட்டும் எனக்கு ஒண்ணும் செய்யலங்க. பயமில்லாம சாப்பிடுறேன்."



நவ. 6, புதன்

பிள்ளைகளுக்குப் பால்மா முடிந்தது. எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்றும் போட்டேன், இன்னும் கொஞ்சம் கூட. ஒன்றுமில்லை. நாளை பதுளை கிளினிக். டாக்டர் முன்னால் வைத்து அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் முகம் போகும் போக்கை நினைத்தாலே மனசு குளிர்கிறது.

நவ. 7, வியாழன்

முதல் பஸ்ஸில் மூன்று பேரும். நல்ல கூட்டம். யாழ்ப்பாணத்து லேடி டாக்டர். பட்டியலை வாசித்துவிட்டு மூடினார். "இரவில நித்திரை வருதோ பிள்ளை?"

அதற்கே செல்வி அழுதாள். கொழும்பில் ஒருநாள் இறால் சாப்பிட்டு மூச்சு முட்டியதாம். வீட்டுக்காரி இவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாளாம். சாயந்தரம் வரை தனியாக. அதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் அதே பயம். எட்டு மாதமாக எங்களிடம் சொல்லவில்லை.

டாக்டர்: "இறால் உண்மையாவே ஒத்துக்கொள்ளாம இருக்கலாம். மற்றதெல்லாம் இஞ்ச வச்சு ஒவ்வொண்டாப் பாப்பம். பயத்துக்கும் ஒரு டாக்டரைப் பாக்க வேணும். தடிப்பும் கடியும் உண்மை, பயமும் உண்மை."

"அண்ணி ஆக்குறது மட்டும் பயமில்லைங்க" என்றாள்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் அப்பா செத்த அன்றைக்குக்கூட என்னை அப்படிப் பிடிக்கவில்லை. ஆத்திரத்தில் வாய் திறந்துவிட்டது. "ரெண்டு நாளா மாசி போட்டுத்தாங்க ஆக்குறேன். இவளுக்கு ஒண்ணும் ஆகல. கேளுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாததா இருந்திருந்தா இந்தப் பிள்ளை இப்ப எங்க இருந்திருக்கும்?"

அவள் அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. செல்வி பார்த்தாள். பார்த்தபடியே அவள் கழுத்து சிவந்தது, காதுவரை திட்டுத் திட்டாகத் தடித்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேஷமில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

ஊசி போட்டார்கள். மாசியைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில்.

நவ. 9, சனி

வெயில். போர்வை இரண்டும் துவைத்தேன்.

செல்வி தனி அடுப்பு மூட்டிக்கொண்டாள். வெறும் கஞ்சி. நான் உள்ளே போனதும் சட்டியைத் தட்டால் மூடினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் இன்று நான் ஆக்கியதைச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு, உருளைக்கிழங்கு, கீரை. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.