இன்னும் பதினொன்று

பத்து பாகாட், மலேசியா

தம்பிக்கு,

நம் தையல் தொழிற்சாலையின் பெரும்பங்கை அந்த முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, "மேனேஜரா நீங்களே இருங்கக்கா, ஒன்னும் மாறாது" என்று சொல்லி நீ சிங்கப்பூர் போய்விட்டாய்.

போன வாரம் அவர்கள் அனுப்பிய ஆலன், வேலையிலிருந்து நிறுத்தப் பன்னிரண்டு பேரின் பட்டியல் கேட்டார். இருபது வருடமாகப் பொத்தான் தைக்கும் வினிஃப்ரெட்டின் பெயரை நான் எப்படி எழுதுவேன்? எரிச்சலில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். கூச்சப்படுவார் என்று நினைத்தேன்.

"ஓகே லா சிஸ்டர், இன்னும் பதினொன்னு வேணும்" என்றார்.

சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மீதிப் பெயர்களை நீயே வந்து எழுது. அப்போது வினிஃப்ரெட் உன் எதிரில் உட்கார்ந்திருப்பாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா