போடாத ஊசிக்குப் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மா நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதை அடித்துச் சொல்ல இன்னும் சில மாதம் போக வேண்டும். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், பாதியிலேயே அழுது வீட்டை இரண்டாக்கிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் திங்கட்கிழமை எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு பசு வந்தது. எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கவில்லை, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்றார் மாட்டுக்காரர். டாக்டர் வெளியே போயிருந்தார். நான்தான் பெரிய கொம்பன் ஆயிற்றே, கையுறைகூடப் போடாமல் அதன் வாய்க்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன். நாக்கை இழுத்துப் பிடித்தது, இங்கே கூட்டிப் பெருக்குகிறாளே, சிரிப்பக்கா என்று நீ பெயர் வைத்தாயே, அவள்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. கடைவாய்ப் பல் பட்டு எனக்குக் கையில் கீறல், அவளுக்கு இரண்டு விரலில் நல்ல வெட்டு. புதன்கிழமை பசு செத்தது, மறுநாள் மூளையைச் சோதித்து வெறிநோய் என்று சொல்லிவிட்டார்கள். நீ அங்கே ஆய்வுக்கூடத்தில் மாட்டு நரம்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கிறவள், கடிபட்ட இடத்திலிருந்து கிருமி நரம்பைப் பிடித்து மெல்ல மூளைக்கு ஏறும், அங்கிருந்து வேறு நரம்பு வழியாக எச்சிலுக்கு இறங்கும், தொண்டை செயலிழந்து அடைப்பு மாதிரியே தெரியும், கையை விட்டுவிடாதே அப்பா என்று எத்தனை தடவை சொன்னாய். நான் உம் கொட்டியதோடு சரி.

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள், இதைக் கேள். இங்கே வேலை செய்கிற எங்களுக்கு முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், அந்தப் பதிவேடு என் பொறுப்பு. நாளெல்லாம் மாட்டுக்குக் குத்துகிற எனக்கு என் கையில் குத்தினால் மயக்கம் வரும், உனக்குத் தெரியாததா. போடாமலே போட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். ஊசி நாளில் அவள் லீவு, யார் அலைவது என்று அவள் பெயருக்கு நேரேயும் நானே கிறுக்கிவைத்தேன். இப்போது பெரியாஸ்பத்திரியில் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, ஏற்கெனவே போட்டவர்கள்தானே, இரண்டு ஊசி போதும், கிருமியைக் காயத்திலேயே மடக்குகிற சீரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று. இரண்டு தடவையும் அவள் விவரம் புரியாமல் கையை நீட்டினாள், நான் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முன்பு ஊசியே போடாதவர்களுக்கு முதல் ஊசியிலிருந்து ஏழு நாளைக்குள் சீரம் போட்டாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். விரல் நுனியிலிருந்து தோள், தோளிலிருந்து கழுத்து என்று கிருமி ஏறும் வழியை என் கையில் நானே சாண் போட்டு அளந்துகொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை அவள் கட்டுப் போட்ட விரலோடு வந்து, அண்ணன் புண்ணியத்தில் இரண்டு ஊசியோடு தப்பித்தேன் என்று சிரித்தாள். என்னால் முடியவில்லையம்மா. அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உடனே வண்டியை எடுத்தார். பெரியாஸ்பத்திரியில் இருவருக்கும் காயத்தைச் சுற்றிச் சுற்றிச் சீரத்தைக் குத்தினார்கள். விரலில் குத்தும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். திரும்பும்போது வண்டியில்தான் பேசினாள்.

"எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும்ண்ணே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணை வரும், வரட்டும், அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் எதையும் தொடாதே, நூறு வயது நன்றாக இரு. சீரம் ஐந்து நாள் தாமதமாகப் போட்டால் போதுமா என்று விசாரித்து உடனே எழுது. என்னைத் தேற்றுவதற்காக எதையும் மறைக்காதே. என் கையை விடு, அவள் விரலைப் பற்றி முதலில் எழுது.

உன் அப்பா