குடைக்காரி முனை

பிப்ரவரி 3

என் அருமை மருமகளே,

இங்கே நான் நலம். உன் அத்தையும், என்னைச் சகித்துக்கொள்ளும் அளவுக்கு நலம்.

இப்போது சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர் நம்ப மாட்டார் என்று, என் கையால் செய்த அத்தனை பல்செட்டுகளின் மேலும் சத்தியம் செய்து தொடங்குகிறேன். புது டிராம் பாதையில், என் கடை வாசலில் நீ பிறந்த தெரு வளையும் இடத்தில், நீ ஒரு நிறுத்தம் வரையப்போவதாகவும், அந்த இடத்தை ஜனங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். கேள்: குடைக்காரி முனை.

குடை ரிப்பேர் செய்யும் ஒருத்தி அங்கே இருந்தாள். தனக்கென்று அவள் செய்துகொண்ட குடையை விரித்தால் மூன்று தெருவுக்குப் பகல் இருட்டிவிடும்; கோழிகள் கொட்டகைக்குத் திரும்பிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்க கோர்ட்டே அதன் அடியில்தான் நடந்தது. நீதிபதி, வாதி, பிரதிவாதி, ஒரு எருமை. கடைசியில் புயல் வந்து அவளைக் குடையோடு தூக்கிக்கொண்டு போனது. போகும்போது குனிந்து பார்த்து, "ரெண்டு நாள்ல வந்துடறேன், கடையப் பாத்துக்குங்க" என்றாளாம்.

இன்னும் வரவில்லை.

பற்களின் பேரரசன்,
உன் மாமா

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உங்களுக்கு இருமல் என்று அத்தை போனில் சொன்னார். நீங்கள் எழுதவில்லை. எருமைக்கு இருந்த இடம் இருமலுக்கு இல்லாமல் போய்விட்டது.

வழக்கம்போல் உங்கள் கடிதத்தைப் பத்தால் வகுத்தேன். கோர்ட், கோழி, புயல் எல்லாம் போயிற்று. ஒரு பெண், ஒரு குடை, மழைக்கு ஒதுங்கும் ஜனங்கள் மட்டும் மிஞ்சினார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மற்ற நிறுத்தங்களுக்கெல்லாம் ஒரே அச்சில் தகரக் கூரை. நம் வளைவுக்கு மட்டும் ஒற்றைக் கம்பத்தில் விரிந்த பெரிய குடையாக வரைந்தேன். மழைத்தண்ணீர் கம்பத்துக்குள்ளேயே இறங்கிவிடும். சிரிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பவர் எங்கள் தலைமைப் பொறியாளர். அவரே சிரித்துவிட்டு, "யாரோட யோசனைம்மா இது?" என்றார்.

"எங்க தெருவோடது சார்" என்றேன்.

நான் இன்னும் தற்காலிகம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வரைபடம் தேறினால் வேலை நிரந்தரம். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டக் கொடுத்தாயிற்று. எல்லாம் உங்கள் தயவு.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 2

மருமகளே,

கடிதம் கண்டேன். காலையில் ஒருவருக்கு மேல்பல்லைக் கீழேயும் கீழ்ப்பல்லை மேலேயும் மாட்டிவிட்டேன். கண்ணாடி பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வகுத்ததுதான் வகுத்தாய், நூறால் வகுத்திருக்கக் கூடாதா? அந்த இடத்தைச் சிலர் வெறுமனே 'வளைவு' என்று சொல்வதும் உண்டு. 'வளைவு' நல்ல பெயர்தானே? எழுத்தும் குறைவு, பலகையும் மிச்சம். எழுத்து வெட்டுபவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வரும்படி ஏதாவது செய்ய முடியுமா?

உன் அத்தை பின்னால் நின்றுகொண்டு, "சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள். எதை என்று என்னைக் கேட்காதே.

மாமா

மார்ச் 9

மாமா,

உங்கள் கடிதத்தை நானும் அம்மாவும் மூன்று முறை படித்தோம். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இதற்கிடையில் உங்கள் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர், 'குடைக்காரி பற்றிய தகவல் தவறு' என்று ஆட்சேபம் அனுப்பியிருக்கிறார். இருபத்துமூன்றாம் தேதி பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. ஜனங்கள் ஏற்கெனவே புழங்கும் பெயராக இருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்று தெரிந்தால் பெயர் போகும், குடைக் கூரை போகும், ஏழாம் நிறுத்தம் என்று தகரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். பின்னாலேயே நானும் போவேன்.

தயவுசெய்து ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அப்படி ஒருத்தி இருந்தாளா, இல்லையா?

மருமகள்

மார்ச் 14

மருமகளே,

இல்லை.

ஒரே வரிதான் கேட்டாய். எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபாலில் சேர்க்கும் முன் தெருவிலும் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இஸ்திரிக்காரரிடம் போனேன். அங்கேதான் என் மூளை கழன்றது. உறையைப் பிரித்து மீதியை எழுதுகிறேன்.

"அண்ணே, இந்தக் குடைக்காரி கதை இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"கதையா? எங்கப்பா குடைக்குக் கம்பி போட்டதே அவதான்."

"யோவ், அது நான் விட்ட சரடுய்யா."

"நீ நேத்து கடை போட்டவன். உனக்கு என்ன தெரியும்? போ, போய்ப் பல்ல ராவு."

தபாலாபீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவிடம் போனேன். அவர், "குட்டையா இருப்பா, பேச்சு மட்டும் நீளம்" என்கிறார். யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு அடையாளம்.

யோசித்துப் பார்த்தேன். பல்லுக்கு அளவு எடுக்கும்போது வாய் நிறைய மாவை அப்பி, அது இறுகும்வரை ஆளை அசையாமல் உட்கார வைக்க வேண்டும். அதற்காக வருஷக்கணக்காக இந்தக் கதையைத்தான் சொல்லி வருகிறேன். வாயில் மாவோடு எவனால் மறுத்துப் பேச முடியும்? தெருவில் பாதி வாய் என்னுடையது. பல்லோடு கதையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேற்று உன் அத்தை, அவளுக்கு இடது கைப்பழக்கம் என்கிறாள்.

மாமா

மார்ச் 24

மாமா,

நேற்று விசாரணையில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

பொய்யை வைத்து வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால் எழுந்து, விசாரணை அதிகாரியிடம், "மேடம், இது எங்க மாமா கட்டின கதை" என்று சொன்னேன். ஹாலே என் மேல் பாய்ந்தது. "நாலு எழுத்து படிச்சதும் நம்ம ஆளையே இல்லேங்குது பாரு" என்றார் இஸ்திரிக்காரர். வாத்தியாராவது என் பக்கம் பேசுவார் என்று திரும்பினேன். அவருடைய ஆட்சேபமே வேறு: குடைக்காரி இந்தப் பக்கம் இல்லையாம், எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

அதிகாரி அம்மா என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜனங்க என்ன சொல்றாங்கன்னுதாம்மா விதி கேக்குது. நடந்துச்சான்னு கேக்கல" என்று கையெழுத்துப் போட்டார். பெயர் நின்றது, கூரை நின்றது, வேலையும் நிரந்தரம். என் தெருவில் உண்மை பேசியவள் நான் ஒருத்தி. பொய்க்காரி என்ற பெயரும் எனக்குத்தான். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வராமலே ரயில் ஏறிவிட்டேன்.

இனி உங்களை எதால் வகுப்பது என்று தெரியவில்லை. நிஜமாக ஒன்றாவது சொல்ல இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

மருமகள்

ஏப்ரல் 4

அம்மாடி,

எழுந்து நின்றால் உன் வேலை போகும் என்று உட்கார்ந்திருந்தேன். நீயே எழுந்த பிறகும் என் கால் அசையவில்லை. அதற்கு என்னிடம் கதை இல்லை.

நிஜமாக ஒன்று கேட்டாயே, இதோ: அப்போது நீ கைக்குழந்தை. உன் அப்பா வெளியூரில், அம்மா படுக்கையில். உனக்கு ஜுரம் கொதிக்க, டாக்டரிடம் போக உன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு அந்த வளைவில் வண்டிக்காக நின்றேன். நல்ல மழை. பக்கத்தில் வந்து நின்ற ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் குடையை உன் தலைக்கு மேலே பிடித்தாள். உனக்கு மட்டும்தான். நானும் நனைந்தேன், அவளும் நனைந்தாள். வண்டி வந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. முகம் நினைவில்லை, குட்டையா, இடது கையா என்று நானே இப்போது தெருவில் விசாரிக்கிறேன்.

கோர்ட் பொய், கோழி பொய், எருமை சுத்தப் பொய். இந்தத் துளி மட்டும் நடந்தது.

மாமா