மகளின் ரத்தம் கேட்டு வந்தவருக்கு

அம்மிணி,

இன்று காலை சேலம் ஆஸ்பத்திரியில் மகளுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன், நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவள் கையைத் துடைத்தார். அந்த வாடை பட்டதும் அவளுடைய மறுகையைப் பிடித்துக்கொண்டேன். மாதாமாதம் வருகிறோம், பயம் மட்டும் விடவில்லை. நீங்கள் போன பிறகு கூடிவிட்டது.

முதன்முதலாக எங்கள் கரடியூர் வீட்டுக்கு நீங்கள் வந்தபோதும் இதே வாடைதான். அடிக்கடி நிமோனியா வரும் குழந்தைகளின் எதிர்ப்பு சக்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, மகளின் ரத்தம் கேட்டீர்கள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, இருக்கற ரத்தத்தையும் எடுத்துட்டா எம்புள்ள என்னாகும்?"

பதில் சொல்ல வாயெடுத்த உங்களுக்கு இருமல் வந்தது. லேசில் நிற்கவில்லை. அடங்கியதும், "நானும் இப்படி இருந்த புள்ளதானுங்க அக்கா. கண்டுபிடிக்கறதுக்குள்ள நுரையீரல் கெட்டுப்போச்சு" என்றீர்கள். அதைக் கேட்ட பயத்தில்தான் சம்மதித்தேன்.

சோதனை முடிவு வந்த அன்று போனில் உங்கள் குரலே வேறாக இருந்தது. "கிருமிய எதுக்கற சக்தி புள்ள ஒடம்புல இல்லீங்க. இப்பக் காய்ச்சல் இருக்குதுங்களா?"

இருந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பெல்லாம் உள்ளே போனது. ஏற்காட்டிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரோடு ஜீப் பிடித்து வந்தீர்கள். சேலத்துக்கு இறங்கும் குப்பனூர் மலைச்சாலையில் மூடுபனி. வளைவுகூடத் தெரியவில்லை. மகளின் உதடு நீலமானது.

"சாமி, கண்ணத் தொறடா சாமி!" என்று அலறினேன். மாஸ்க்கைப் பிடித்திருந்த உங்கள் கை நடுங்கியது.

"உங்களுக்கும் பயமா இருக்குதுங்களா?"

"நொம்ப" என்றீர்கள்.

பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளைக் காப்பாற்றும் மருந்து உங்களுக்குக் காலம் கடந்து கிடைத்தது. போன மழைக்காலக் காய்ச்சலை உங்கள் நுரையீரல் தாங்கவில்லை. நாங்கள் பார்க்க வந்தபோது, வாசலிலேயே நிற்கச் சொல்லிக் கையசைத்தீர்கள். "பாப்பாவ உள்ள கூட்டிட்டு வராதீங்க அக்கா, தொத்திக்கும்." அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது.

வகுப்பில் யாரோ தும்மியதாக மகள் சொன்னாலே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனாலும், ஒரு குழந்தை திரும்பத் திரும்பச் சளியில் படுக்கிறது என்று கேள்விப்பட்டால் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.

நேற்று ஒரு தாய், "உம்புள்ளைக்கு வந்தது எம்புள்ளைக்கு ஏன் வரோணும்? உன்ற ஊட்டப் பாத்துப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது.