பிள்ளையே பேசும் சனிக்கிழமை

ஜூலை 4, வெள்ளி

விடாத மழை. மாட்டுங்காவில் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர், தாராவியில் பள்ளிக்கூட வாசலில் முழங்கால். இடது செருப்பு போயே போயிற்று. வெறுங்காலோடு தலைமை ஆசிரியை. நல்ல தரிசனம்.

நாளை பெற்றோர் கூட்டம். நாற்காலி, டீ கேன், தரை காய வேண்டும். இந்த வருடம் முறை மாறுகிறது. ஆசிரியர் வாயைத் திறக்க மாட்டார். பிள்ளையே அப்பா அம்மாவிடம் சொல்லும், எது புரிகிறது, எது புரியவில்லை என்று. செம்பூரில் முன்பு வேலை பார்த்த பள்ளியில் செய்தோம். நன்றாகவே நடந்தது.

ஸ்டாஃப் ரூமில் அருள்ராஜ் சார் மட்டும் கேள்வி. கணக்கு வாத்தியார். நான் வந்து ஒரு வருடம், அவர் வந்து ஒரு தலைமுறை. (இனி அ. சார். கை வலிக்கிறது.) "அப்ப நாங்க எதுக்கு மேடம் உக்காந்திருக்கோம்? டீ குடிக்கவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். உள்ளே எரிச்சல்.

ஒன்பதாம் வகுப்பில் போய்ச் சொன்னேன்: "உள்ளதைச் சொல்லுங்கோ. யாரும் திட்ட மாட்டா. நான் பொறுப்பு."

ஜூலை 5, சனி

மழை விட்டது. நல்ல கூட்டம். முதல் பாதி பரவாயில்லை. ஒரு பையன் அவன் அம்மாவிடம், "சயின்ஸ் டீக் ஹை மம்மி, ஓகேதான். மராட்டிதான் டென்ஷன்." அந்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சில அப்பாக்கள் உட்காரவே மாட்டேன் என்று நின்றார்கள், வாத்தியார் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. ஒருவர் பிள்ளையைத் தாண்டி அ. சாரிடமே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்." வருடா வருடம் சொல்வாராம்.

அப்புறம் மாரிச்செல்வி. ஒன்பதாம் வகுப்பு. அப்பா பேக் தைக்கும் கார்கானாவில் தையல்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "கணக்கு ஒண்ணுமே புரியலப்பா. சார் ஸ்பீடா போறாங்க. கேக்க பயமா இருக்கு. பக்கத்துல பாத்துதான் எழுதுறேன்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

அப்பா எழுந்தார். அ. சாரைக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க சார். எங்க அண்ணனுக்கும் நீங்கதான படிச்சிக் குடுத்தீக." அடுத்த நொடி அவள் கன்னத்தில் ஒன்று. "ஏ, கைய எடுப்பா!" அ. சார்தான் கத்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குள் மகளை இழுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அ. சார் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அரை கேன் டீ மிச்சம்.

ஜூலை 7, திங்கள்

மாரிச்செல்வி வரவில்லை. டிரஸ்ட் செயலாளர் போன்: "புதுசா பண்றது நல்லதுதான் மேடம். கலாட்டா மட்டும் வேண்டாமே." ஆகட்டும் என்றேன். வேறென்ன சொல்ல.

புதுச் செருப்பு. கடிக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் இல்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்கே போனேன். குடையை மடக்கினால்தான் நுழைய முடிகிற சந்து, இரும்பு ஏணி, மேல் அறை. மாரிச்செல்வி தரையில் உட்கார்ந்து ஜிப்பில் ரன்னர் கோர்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அம்மா டீ கொடுத்தாள். அப்பா மிக மரியாதை.

"நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. சார்ட்ட மரியாதை இல்லாதவ படிச்சி என்ன பண்ணப் போறா? வேலையப் பழகட்டும்."

"அவ மரியாதைக் குறைவா எதுவும் சொல்லலையே. நான்தான் சொல்லச் சொன்னேன்."

"நீங்க சொல்லச் சொல்லுவீக மேடம். நாங்க எந்த மொகத்த வச்சிக்கிட்டு சார் முன்னால நிக்க?"

சார் சொன்னால் அனுப்புவாராம். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு ஒரு டீ. திரும்பும் வழியெல்லாம் அ. சார் மேல் கோபம். அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பொறுப்பு என்று சொன்னது நான்.

ஜூலை 9, புதன்

அ. சாரிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். சாக்பீஸ் கையை வேட்டித்துணி போன்ற அந்தக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "நீங்க தொறந்து விட்டத நான் போய் மூடணுமாக்கும்?"

"ஆமா சார்."

"சரி."

மாலை போனாராம். ஏணி ஏறவில்லையாம். கீழே நின்றபடியே, "நாளைக்கு அனுப்பு." அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டாள். அப்பாடா. இரண்டாம் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாறியிருக்கிறாள். வராந்தாவில் பிடித்து, "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன் மேடம்." கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ.

சும்மா நடப்பதுபோல் கணக்கு வகுப்பு ஜன்னலோரம் போனேன். அ. சார் ஒரே கணக்கை இரண்டு தடவை போடுகிறார், மெதுவாக. தொண்டை கட்டிப்போயிருக்கிறது மனுஷனுக்கு.

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

புழுக்கம். இரண்டாவது கூட்டம். பழைய முறைக்கே போகலாமே என்றது டிரஸ்ட். நான் பிடிவாதம் பிடித்தேன்.

மாரிச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "எல்லாப் பாடமும் புரியுதுப்பா. கணக்கு ரொம்ப நல்லா புரியுது. சார் நல்லா நடத்துறாங்க." அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னையும் கும்பிட்டார், முதல் தடவையாக. செயலாளர் போட்டோ எடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அ. சார் என் அறைக்கு வந்தார்.

"அவ பொய்தான் சொல்லுதா மேடம்."

"தெரியும் சார்."

"யூனிட் டெஸ்ட்ல வெறுந்தாளத் தந்துட்டுப் போனா. பக்கத்துல பாத்துக்கூட எழுதல."

அவர் வெளியே மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா எத்தன பிள்ளைங்க எங்கிட்ட இப்படிப் புரியுதுன்னு சொல்லிட்டுப் போச்சோ."