நூற்றைம்பது மில்லி வயிறு

மார்ச் 4
வாத்தியாருக்கு இன்றும் நெஞ்செரிச்சல். வாத்தியார் என்றால் என் வீட்டுக்காரர், ஊருக்கே வேதியியல் சொல்லித்தருபவர். டாக்டரிடம் போங்கள் என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் நூற்றைம்பது மில்லி சாறாம், பிஎச் ஒன்றாம். ஒரு சுண்ணாம்பு மாத்திரை போட்டால் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காலி, ஆனால் பிஎச் ஒன்றரையைக்கூடத் தொடாது. இரண்டு போட்டால் அமிலம் சுத்தமாக முடிந்தது. கால்சியம் அயனி இவ்வளவு, குளோரைடு மட்டும் இருந்தபடியே இருக்கும். கல்யாணத்தன்றுகூட இந்த முகத்தில் இவ்வளவு பூரிப்பு இல்லை.

மார்ச் 5
நூற்றைம்பது என்று யார் அளந்தது? "அப்படி வச்சுக்கறதுதான்" என்றார். நான் தையற்காரி. அளவெடுக்காமல் சட்டை வெட்டினால் என்னைச் சும்மா விடுவார்களா?

மார்ச் 9
அமிலம் திரும்பத் திரும்ப ஊறாதா என்று கேட்டேன். "அது இந்தக் கணக்குல வராது."
வயிற்றிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்.

மார்ச் 15
நாளுக்கு எட்டு மாத்திரை. கணக்கு சரி, எரிச்சல்தான் தப்பு என்கிறார்.

மார்ச் 18
மலம் கறுப்பாகப் போகிறதாம். மாத்திரையால்தான் என்று ஒரே சாதிப்பு. மாத்திரை சுண்ணாம்பு, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அது எப்படிக் கறுக்கும்? இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மார்ச் 19
குளியலறையில விழுந்துட்டார். முகம் வெளுத்து, கை சில்லுனு... ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. வேற எதுவும் எழுத வரல.

மார்ச் 21
வயிற்றில் புண், ரத்தம் கசிந்திருக்கிறது. மலம் கறுத்தது அதனால்தானாம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா அவரிடம் சொன்னது: "நீங்க மாத்திரை போடப் போட அது சுரந்துகிட்டேதான் இருக்கும் சார். வயிறு என்ன பீக்கரா?" நான் பன்னிரண்டு நாளுக்கு முன்பே சொன்னதுதான். வாய்வரைக்கும் வந்தது, விழுங்கினேன்.

ஏப்ரல் 2
வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார், கோபமாகக்கூட இல்லை: "கறுப்பா போகுதுன்னு சொன்னேனே. அன்னிக்கே என்னைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமே?"
போயிருக்கலாம். ஆட்டோ வாசலிலேயே கிடைக்கும். ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்தது வேறு. அவர் கணக்கு தப்பு என்று அவர் வாயாலேயே வரவேண்டும், அவ்வளவுதான்.
கஞ்சிக்கு உப்பு போதுமா என்று கேட்டேன்.