தானே மூடாத வால்வு

நவம்பர் 11, திங்கள்
விடிந்ததிலிருந்து மஞ்சு மூட்டம், மழை. குடைக்கம்பி ஒடிந்தது, ரிப்பேருக்குக் கொடுத்தாயிற்று. நனைந்துகொண்டே மலைமேல் ஆய்வுக்கூடத்துக்கு.

தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அலுமினியம் பூசும் வெற்றிடக் கலம். சனிக்கிழமை பம்ப் ஓடும்போது கரண்ட் போனது. பம்ப்புக்கும் கலத்துக்கும் நடுவிலுள்ள வால்வு மூடவில்லை. பம்ப் எண்ணெய் கலத்துக்குள் ஏறிக் கண்ணாடி பாழ். பம்ப் பார்க்கும் இருதயராஜ் டீ குடிக்கப் போயிருந்தாராம். ஆய்வுக்கூட அதிகாரி சொன்னபடி எழுதிப் பேப்பருக்குத் தந்தி கொடுத்தேன்: “ஊழியரின் கவனக்குறைவு.” ஆளைப் பார்க்கவில்லை. மழை.

நவ. 13, புதன்
செய்தி ஏழாம் பக்கத்தில் வந்துவிட்டது. இருதயராஜின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வேலை போனால் அந்த வீடும் போகும்.

“நான் இருந்திருந்தா மூடியிருப்பேங்க. டீக்குப் போனது தப்புதான்.”

மனைவி விடவில்லை. “கரண்ட் நின்னா வால்வைத் தானே மூடுற பெட்டின்னு ரெண்டு வருசம் முன்னாடி மாட்டுனாங்கள்ல? அப்புறம் இவரு எதுக்கு ஓடணும்? பேப்பர்காரரே, அதைக் கேட்டு எழுதுனீங்களா?”

கேட்கவில்லை.

நவ. 14, வியாழன்
பல்வலி. கிராம்பு.
எலக்ட்ரீஷியன் காதர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்ப், இரவும் பகலும் எரிகிறது.

“மஞ்சுல ஈரம் ஏறாம இருக்க நாந்தாங்க போட்டேன். இங்க எல்லாப் பெட்டிலயும் போடுறதுதான்.”

கரண்ட் நின்றால் காந்தம் பிடியை விட வேண்டும், வால்வு மூட வேண்டும். பல்ப் சூட்டில் காந்தச் சுருளில் பூசிய அரக்கு உருகிப் பிடி ஒட்டிக் கிடக்கிறது.

“எப்ப ஒட்டுச்சோ. கரண்ட் போறப்பல்லாம் இருதயராஜ் அண்ணன் வெரசா ஓடிக் கையால மூடிருவாரு. பெட்டிக்குச் சோலியே வைக்கல.”

“விசாரணையில சொல்வீங்களா?”

“கேட்டா சொல்றேங்க.”

நவ. 15, வெள்ளி
விசாரணை இருபது நிமிஷம். காதரைக் கூப்பிடவில்லை. என் செய்தியை வெட்டிக் கோப்பில் ஒட்டியிருக்கிறார்கள். ‘கவனக்குறைவு’க்குக் கீழே சிவப்பு மை. வேலை நீக்கம்.

பெட்டி விஷயத்தைப் பேப்பருக்குத் தந்தியில் அனுப்பினேன். மாலையில் பதில்: “முடிந்த செய்தி. இடமில்லை.”

நவ. 18, திங்கள்
வெள்ளனே பஸ் ஸ்டாண்ட். வத்தலக்குண்டு பஸ். இரண்டு பெட்டி, பாய்ச் சுருட்டு, தையல் மிஷின். இருதயராஜ் கும்பிட்டார். அந்தம்மா திரும்பவில்லை.

குடை இன்னும் வரவில்லை.

மதியம் ஆய்வுக்கூடம். பம்ப் பக்கத்தில் புது ஆள். என்ன வேலை என்று கேட்டேன்.

“கரண்ட் போனா மொதல்ல ஓடி இந்த வால்வை மூடணுமாம். டீக்கெல்லாம் போகக்கூடாதாம்.”

பெட்டிக்குள் பல்ப் எரிகிறது.